தீவில் கூடாரம் அடிக்கும் முன்: ரொறன்ரோ ஊர்ச்சங்கங்களுக்கும் பழைய மாணவர் சங்கங்களுக்கும் ஒரு திறந்த மடல்

நிர்வாக சபைகளில் இருக்கும் அண்ணாமாருக்கும், தம்பி தங்கச்சிமாருக்கும்:

இந்த வருடக் கோடை ஒன்றுகூடலை வழமையான ஸ்காபரோப் பூங்காவில் வைக்காமல் ரொறன்ரோத் தீவில் வைப்பதென்று நம்முடைய சங்கங்களில் ஒன்று முடிவெடுத்திருக்கிறது. அறிவித்தல் வட்ஸ்அப்பில் வந்தது. கயிறிழுத்தல், சங்கீதக் கதிரை, தேசிக்காய் ஓட்டம், முட்டி உடைத்தல், மத்தியானம் ஆட்டிறைச்சிக் கறி, பின்னேரம் கொத்துரொட்டி. எல்லாம் சரி. கடைசியில் ஒரு வரி: “நடுத்தீவில் வெறும் புல்வெளிதான் இருக்கிறது, யாருக்கும் இடைஞ்சல் இல்லை, விரும்பியபடி பாவிக்கலாம்.” அந்த வரியை வாசித்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

சங்கத்தின் பெயரை எழுதமாட்டேன். போன வருடம் இன்னொரு சங்கம் அதே தீவில் வைத்த ஒன்றுகூடலில் சமையல் குழுவில் நானும் நின்றவள். கீழே எழுதப்போகும் குற்றங்களில் என் பங்கும் இருக்கிறது.

அன்று என்ன நடந்தது என்று சொல்கிறேன். படகால் இறங்கியதும் நிழல் பிடிக்க ஓடினோம். சரிந்து, பாதி தரையைத் தொட்டபடி நின்ற ஒரு கிழட்டு வில்லோ மரம். அதன் அடியில்தான் சமையற்கட்டு. பக்கத்தில் கூடாரம் அடிக்கத் தம்பிமார் இரும்பு முளை இறக்கினார்கள். முக்கால் அடி போனதும் முளை நின்றுவிட்டது. “கல்லுக் கிடக்கு அக்கா” என்றான் ஒருவன். மற்றவன் சுத்தியலை வாங்கி ஓங்கிப் போட்டான். சீமெந்துத் துண்டு ஒன்று பெயர்ந்து மேலே வந்தது. ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் வழுவழுப்பு. யாரோ மட்டம் பார்த்து, கரண்டியால் இழுத்து, மினுக்கிய தரை. அதைக் காலால் தள்ளிவிட்டு முளையை அடித்து முடித்தார்கள். கூடாரத்துக்குள் ஒலிபெருக்கி வந்தது.

பின்னேரம் அடுப்புக் கரியை வில்லோவின் வேரடியில் கொட்டினார்கள். தணல் ஆறவில்லை. நான் ஐஸ்பெட்டியில் மிஞ்சிய தண்ணீரை ஊற்றினேன். அவ்வளவுதான் என் வீரம். கிழக்கு முனைப் பக்கம் போன பிள்ளைகள் யாரோ ஒருவருடைய வீட்டு முற்றத்து ஊஞ்சலில் ஏறிப் படம் எடுத்துக்கொண்டு வந்தார்கள். கேட்டால், அது நூதனசாலை என்று நினைத்தார்களாம். வீட்டுக்காரக் கிழவர் ஒன்றும் சொல்லவில்லையாம், கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாராம்.

இந்த வருட ஆயத்தக் கூட்டத்தில் எழும்பி ஒன்று கேட்டேன். சாப்பாட்டுக்கு முன் இருபது நிமிடம் தாருங்கள், அந்த இடம் என்னவென்று சனத்துக்கு நடந்து காட்டுகிறேன் என்று. “அக்கா, சனம் சாப்பிட வருகுது, சரித்திரம் படிக்க இல்லை” என்றார் ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு இருந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து அறிவித்தலில் அந்த “வெறும் புல்வெளி”யைக் கண்டதும் சிரிப்பு நின்றுவிட்டது.

சரி, கூட்டத்தில் சொல்ல விடாததை இங்கே சொல்கிறேன்.

அந்தத் தீவின் மண் நம்முடைய மண். பகிடிக்குச் சொல்லவில்லை. நம்மில் எத்தனையோ பேர் குடியிருக்கும் ஸ்காபரோவின் ஏரிக்கரையில் பிளஃப்ஸ் என்ற செங்குத்து மண்மலை இருக்கிறதல்லவா, கலியாணப் படம் எடுக்கப் போவோமே, அதுதான். ஒன்ராரியோ ஏரியின் அலை அந்த மலையை அரித்து, மணலை மேற்கே இழுத்துக்கொண்டு போய்ப் போட்டுப் போட்டு உண்டானது ரொறன்ரோத் தீவு. முதலில் அது தீவுகூட இல்லை, கரையோடு ஒட்டிய நீண்ட மணல் நாக்கு. 1858 ஏப்ரலில் அடித்த ஒரு புயல் கிழக்குப் பக்கத்தை அறுத்துக்கொண்டு போனது. அங்கிருந்த ஒரு விடுதியும் அதோடு போனது. அன்றிலிருந்துதான் தீவு.

அதற்கு முன்பும் அது சும்மா கிடந்த மணல் இல்லை. மிசிசாகா பூர்வகுடி மக்கள் நோய் தீர்க்கவும் சடங்கு செய்யவும் போன புனித இடம் அது. ரொறன்ரோ நிலத்தை 1787இலும் 1805இலும் ஆங்கிலேய அரசு எழுதி வாங்கிய விதம் சரியில்லை என்று அவர்கள் விடாமல் வழக்காடி, 2010இல்தான் கனடிய அரசு 145 மில்லியன் டொலர் கொடுத்துக் கணக்கைத் தீர்த்தது. தீவை நாங்கள் ஒருநாளும் விற்கவில்லை என்பது அவர்கள் சொல்லிவந்த வழக்கு. நான் கீழே சொல்லப்போகும் கூடாரக்காரரும் குடிசைக்காரரும் இன்னொருவருடைய கோயில் முற்றத்தில் குடியேறியவர்கள்தான். அதை மறைத்துவிட்டுக் கதை சொல்ல எனக்கு விருப்பமில்லை.

இப்போது கூடாரத்துக்கு வருவோம்.

கிழக்கு முனைக்கு வார்ட்ஸ் தீவு என்று பெயர், அங்கே குடியிருந்த ஒரு மீன்பிடிக் குடும்பத்தின் பெயர். 1880களில் நகரத்து வெக்கை தாங்காத சனம் கோடையில் அங்கே போய்க் கூடாரம் அடித்துத் தங்கத் தொடங்கியது. பெரிய பணக்காரர் நடுத்தீவில் மாளிகை கட்டினார்கள். கூடாரக்காரர் அப்படிப்பட்டவர்கள் இல்லை, கூலிக்கும் சம்பளத்துக்கும் வேலை செய்தவர்கள். 1899இல் நகரசபை அங்கே இடம் வாடகைக்குக் கொடுத்தபோது எட்டே எட்டுப் பேர், ஒரு கோடைக்குப் பத்து டொலர். 1913 அளவில் கூடாரம் பெருகி, வரிசை பிரித்துத் தெரு போடவேண்டிய அளவுக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. முதலில் கூடாரத்துக்கு அடியில் ஒரு பலகைத் தளம். அடுத்த வருடம் பின்னால் சமைக்க ஒரு சின்னப் பத்தி. அப்புறம் முன்னால் ஒரு விறாந்தை. நடுவில் மட்டும் இன்னும் துணி. 1931இல் நகரசபை, சரி, வீடாகவே கட்டுங்கள் என்று விட்டது.

இந்த முறை நமக்குத் தெரியாததா? கிடுகு வேய்ந்து, பிறகு மண்சுவர் எழுப்பி, பிறகு கல்லறுத்து, தலைமுறைக்கு ஓர் அறையாகக் கூட்டிக் கட்டிய வீடுகளில்தானே நாமெல்லாம் பிறந்தோம்.

வார்ட்ஸில் இன்றைக்கும் போய்ப் பாருங்கள். வளவுகள் நம்பமுடியாத அளவுக்குச் சின்னவை. ஏனென்றால் கூடாரத்துக்கு அளந்த துண்டு அப்படியே வீட்டுத் துண்டாகிவிட்டது. தெரு என்பது இரண்டு பேர் கைகோத்து நடக்கும் ஒழுங்கை. தனியார் கார் கிடையாது. முதலாம் தெரு, இரண்டாம் தெரு என்று கூடாரக் காலத்து எண்களே பெயராக நிற்கின்றன. வேலிக்கு மேலால் இந்த வீட்டு ரோசா அந்த வீட்டு யன்னலுக்குள் போகிறது. நம்முடைய பிள்ளைகள் நூதனசாலை என்று நினைத்ததை முழுக்கவும் பிழை சொல்லமாட்டேன். உள்ளே ஆட்கள் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான் வித்தியாசம்.

மேற்கு முனையில் ஹன்லன்ஸ். படகோட்டத்தில் உலக வீரனான நெட் ஹன்லனின் குடும்பப் பெயர். அங்கே விடுதி, களியாட்டப் பூங்கா, விளையாட்டரங்கு எல்லாம் இருந்தன. 1937இல் விமான நிலையம் கட்ட வெளிக்கிட்டபோது அங்கிருந்த வீட்டுக்காரரை எழும்பச் சொன்னார்கள். 31 வீடுகளைப் பெயர்த்துத் தெப்பத்தில் ஏற்றி, தண்ணீரால் இழுத்துக்கொண்டு போய் வார்ட்ஸுக்குப் பக்கத்து அல்கோங்குயின் தீவில் இறக்கினார்கள். கூரையோடு வீடு மிதந்து போவதைக் கரையில் நின்று பார்த்திருக்கிறது சனம். வீட்டைத் தூக்கிக்கொண்டு போக விட்டார்களே என்று எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

நடுத்தீவுக் கதை அப்படி முடியவில்லை. அதைத்தான் நீங்கள் “வெறும் புல்வெளி” என்கிறீர்கள்.

நான் கனடா வந்தது 1992இல். முதல் வேலை ஒரு தொழிற்சாலையில் சாப்பாட்டுப் பொட்டலம் கட்டுவது. பக்கத்து மேசையில் ஒரு வெள்ளைக்கார மனுசி, என்னைவிட இருபது வயது மூப்பு. எனக்கு ஆங்கிலம் அரைகுறை, அவவுக்கு காது அரைகுறை, ஆகவே நன்றாக ஒத்துப்போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை “என்னுடைய ஊரைக் காட்டுகிறேன் வா” என்று படகில் ஏற்றினா. 1910இல் கட்டிய ட்ரிலியம் என்ற பழைய சக்கரப் படகைக் காட்டி, சின்ன வயதில் அதில் போனதைச் சொல்லிக்கொண்டு வந்தா. கால் மணித்தியாலம்கூட இல்லை, அக்கரை.

பாலத்தைத் தாண்டினால் நேராக ஏரிக்குப் போகும் அகலமான நடைபாதை. நடுவில் பூப்பாத்தி, தண்ணீர்த் தாரை, இரண்டு பக்கமும் வெட்டிய புல். நீங்கள் எல்லாரும் அதில் நடந்து படம் எடுத்திருப்பீர்கள். அவ அதன் நடுவில் நின்று, “இது மனிட்டூ வீதி” என்றா. இடப்பக்கம் கையைக் காட்டி, பலசரக்குக் கடை. வலப்பக்கம், விடுதி. அங்கே நடனசாலை, அங்கே பந்து உருட்டும் இடம், அங்கே படமாளிகை. நான் அவ காட்டிய பக்கமெல்லாம் பார்த்தேன். புல். ஒரு குடும்பம் துவாயை விரித்துத் தர்ப்பூசணி வெட்டிக்கொண்டிருந்தது.

பிறகு என்னைப் பக்கவாட்டில் கூட்டிக்கொண்டு போய் லைலாக் என்ற ஒரு பூப்புதருக்கு முன்னால் நிறுத்தினா. காட்டில் லைலாக் தானாக இப்படி வரிசையில் வராது, இது அம்மா வாசலில் வைத்தது என்றா. அது உண்மையில் அவவின் அம்மா வைத்ததோ, வேறு யாருடைய அம்மா வைத்ததோ, எனக்குத் தெரியாது. அவவுக்கும் நிச்சயமாகத் தெரிந்திருக்காது. ஆனால் புதருக்கு முன்னால் இரண்டு காலடி நடந்து, கதவு திறப்பது போல ஒருக்கால் நின்றா. நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நடந்தது இதுதான். 1950களின் தொடக்கத்தில் தீவு முழுவதும் சுமார் 630 வீடுகள். இரண்டாம் உலக யுத்தத்தை ஒட்டி நகரத்தில் வீட்டுத் தட்டுப்பாடு வந்தபோது குளிர்காலத்திலும் அங்கேயே இருந்துகொள்ளுங்கள் என்று ஊக்கப்படுத்திய நகரசபை அதே நகரசபைதான். புதிதாக வந்த பெருநகர நிர்வாகம் தீவு முழுவதையும் பூங்காவாக்குவதென்று முடிவெடுத்தது. 1956இல் தீவு அவர்கள் கைக்குப் போனது. அதற்கு முதல் வருடமே இடிப்புத் தொடங்கிவிட்டது. குத்தகை முடிய முடிய புல்டோசர். மனிட்டூ வீதியின் கடைகள், விடுதிகள், பின்னால் இருந்த ஒழுங்கைகளின் வீடுகள், எல்லாவற்றையும் தட்டி, மண் போட்டு மூடி, புல் விதைத்தார்கள். 1884இல் கட்டிய ஏரிக்கரைச் சின்னத் தேவாலயத்தை மட்டும் இடிக்காமல் நகர்த்தி வைத்தார்கள். 1967இல் பிள்ளைகளுக்கான களியாட்டப் பூங்கா வந்தது.

பூங்கா வந்ததால் பயன் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. நிலக்கீழ் அறையில் மூன்று குடும்பமாக இருந்த நாட்களில் அந்தப் புல்தரை எனக்கு மூச்சு விட இடம் தந்தது. மாளிகைக்காரரும் குடிசைக்காரரும் மட்டும் அனுபவித்த கரையை எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள் என்று வாதாடலாம், வாதாடுகிறவர்களும் இருக்கிறார்கள். அதற்கு முந்நூற்றுக்கும் மேற்பட்ட வாசல்களை அழித்திருக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி. எனக்கு அதில் உறுதியான பதில் இருக்கிறது, உங்களுக்கு வேறு பதில் இருக்கலாம். ஆனால் அழித்ததே தெரியாமல் அதன்மேல் முட்டி உடைப்பது வேறு விசயம்.

நான் யாழ்ப்பாணத்து மயிலிட்டிக்காரி என்பது உங்களில் பலருக்குத் தெரியும். 1990 ஜூனில் வலிகாமம் வடக்கிலிருந்து சனம் எழும்பியபோது சமைத்த சோற்றைப் பானையோடு விட்டுவிட்டு வந்தோம். இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயம் என்று முள்ளுக்கம்பி வந்தது. 2017இல் மயிலிட்டித் துறைமுகத்தை விட்டார்கள், கொஞ்சம் கொஞ்சமாகக் காணியும் விட்டார்கள். அடுத்த வருடம் நான் போனேன். ஒழுங்கை இருந்த இடம் தெரியவில்லை. வீடு இல்லை, மதில் இல்லை, சுற்றிவர இருந்த பனைகளும் இல்லை. பற்றைக்குள் நடந்தபோது கால் பெருவிரலில் ஒன்று தட்டுப்பட்டது. குனிந்து பார்த்தால் செந்தரைத் துண்டு. அம்மா தேங்காய்ப் பொச்சால் தேய்த்துத் தேய்த்து மினுக்கிய சிவப்புத் தரை. ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் வழுவழுப்பு. கைப்பைக்குள் போட்டுக்கொண்டு வந்து, இப்போது சாமி அறையில் வைத்திருக்கிறேன்.

போன வருடம் தம்பி காலால் தள்ளிவிட்ட துண்டை நான் ஏன் இவ்வளவு விபரமாக எழுதினேன் என்று இப்போது விளங்கும்.

இரண்டும் ஒன்றென்று சொல்லவில்லை. அங்கே குண்டு விழுந்தது, இங்கே அறிவித்தல் கடிதம் வந்தது. அங்கே செத்தார்கள், இங்கே வேறு வாடகை வீடு தேடினார்கள். ஆனால் புல்டோசர் போனபின் நிலம் பார்க்க எப்படி இருக்கும் என்பதை இந்த நகரத்தில் நம்மைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் அதிகமில்லை. அங்கே நம் காணியைக் காட்டி, இது வெறும் பற்றைக்காடு, இங்கே ஒருவரும் இருந்ததில்லை என்று யாராவது சொன்னால் நாம் என்ன செய்வோம்? மனு எழுதுவோம், வரைபடம் காட்டுவோம், ஊர்வலம் போவோம். போயும் இருக்கிறோம்.

தீவுக்காரரும் அப்படித்தான் செய்தார்கள். 1969இல் எஞ்சியவர்கள் சங்கம் அமைத்தார்கள். வழக்கு, மனு, வழக்கு என்று பத்து வருடத்துக்கு மேல் இழுபட்டது. 1980 ஜூலை 28ஆம் திகதி வெளியேற்றக் கட்டளையோடு நீதிமன்ற அதிகாரி வந்தபோது அல்கோங்குயின் பாலத்தடியில் கிழவர், பிள்ளைகள் எல்லாரும் திரண்டு மறித்து நின்றார்கள். அவர் திரும்பிப் போனார். 1993இல் மாகாண அரசு சட்டம் போட்டு வார்ட்ஸிலும் அல்கோங்குயினிலும் மிஞ்சிய 262 வீடுகளுக்கு 99 வருடக் குத்தகை கொடுத்தது. அவர்களால் அந்த வீட்டைச் சந்தை விலைக்கு விற்க முடியாது. விற்பதென்றால் காத்திருப்போர் பட்டியலில் இருக்கும் 500 பேருக்குள்தான், நிர்ணயித்த விலைக்குத்தான். ரொறன்ரோ வீட்டு விலையில் இதைக் கேட்டு நம்முடைய வீட்டுத் தரகர் தம்பிமாருக்கு நெஞ்சு வலிக்கலாம்.

போராடியவர்களுடைய ஒழுங்கைகள் இன்று நிற்கின்றன. மனிட்டூ வீதிக்காரருக்கு அந்த வாய்ப்பு வருவதற்குள் புல் முளைத்துவிட்டது. தீவின் இரண்டு பாதியும் ஒரே இடம். கிழக்கில் பார்ப்பது நடுவில் இல்லாமல் போனதன் மாதிரி. இதை விளங்கிக்கொண்டு நடந்தால் அந்தத் தரையில் ஒவ்வொரு கோணல் மரமும், ஒழுங்காக வந்த ஒவ்வொரு புதரும் பேசும். அவற்றைத்தான் நாம் கூடாரக் கயிறு கட்டவும் கரி கொட்டவும் பாவிக்கிறோம்.

தீவு கரைந்துகொண்டும் இருக்கிறது. பிளஃப்ஸ் அரிக்காமல் கரையில் கல் போட்டோம், லெஸ்லி வீதி முனையை இடிபாட்டு மண்ணால் ஏரிக்குள் நீட்டினோம், தீவுக்கு மணல் போகும் வழி அடைபட்டது. 2017 வெள்ளத்தில் பூங்காவை ஜூலை கடைசிவரை மூடி வைத்தார்கள். 2019இல் மறுபடி தண்ணீர் ஏறியது. வேர் பிடித்து நிற்கும் பழைய மரம் ஒவ்வொன்றும் அந்த மணலைக் கட்டி வைத்திருக்கும் கை. தணல் கொட்டும்போது நினைக்க வேண்டியது.

இனி நான் கேட்பவை. எல்லாச் சங்கங்களிடமும்தான் கேட்கிறேன்.

முதலில் அந்த அறிவித்தலை மாற்றுங்கள். “வெறும் புல்வெளி” என்பதை எடுத்துவிட்டு, மிசிசாகா மக்களின் புனித நிலம், பிறகு கூடாரக்காரரும் குடிசைக்காரரும் வாழ்ந்து எழும்பிப் போன மனிட்டூ வீதிக்குப் பக்கத்தில் கூடுகிறோம் என்று இரண்டு வரி போடுங்கள். தமிழில் நான் எழுதித் தருகிறேன், ஆங்கிலத்தில் உங்கள் பிள்ளைகள் எழுதுவார்கள்.

கூடாரத்துக்கு முளை அடிக்காதீர்கள். காலுக்குத் தண்ணீர்க் கலன் கட்டி நிறுத்தும் வகைக் கூடாரம் வாடகைக்குக் கிடைக்கிறது, மிஞ்சிப்போனால் நாற்பது ஐம்பது டொலர் கூட வரும். அந்தக் காசைச் சமையல் குழுவில் மிச்சம் பிடித்துத் தருவது என் பொறுப்பு. மரத்தடியிலிருந்து அடுப்பைத் தள்ளி வையுங்கள். கரி முழுவதும் ஆறி, இரும்பு வாளிக்குள் போய், குப்பைக்குரிய இடத்துக்குப் போகவேண்டும். அதற்கென்று ஒருவரை நியமியுங்கள், “எல்லாரும் பார்த்துக்கொள்வோம்” என்றால் ஒருவரும் பார்ப்பதில்லை. தரையிலிருந்து சீமெந்தோ செங்கல்லோ ஓடோ வந்தால் அந்த இடத்திலேயே திருப்பி வைத்து மண்ணை மூடுங்கள்.

வார்ட்ஸ் பக்கம் போகிறவர்கள் ஒழுங்கையில் நடக்கலாம், அது பொதுவழி. முற்றத்துக்குள் கால் வைக்கக்கூடாது. ஒலிபெருக்கி அந்தப் பக்கம் போகவே வேண்டாம். பிள்ளைகளுக்கு இதைப் படகிலேயே சொல்லிவிடவேண்டும். போன வருடம் கதவைச் சாத்திய கிழவரைத் தேடிப்போய் ஒரு பெட்டி பலகாரத்தோடு மன்னிப்புக் கேட்கச் சங்கத்தின் சார்பில் ஒருவர் என்னோடு வரவேண்டும். அது தலைவராக இருந்தால் நல்லது.

ஒன்றுகூடல் தொடக்கத்தில் விளக்கேற்றி அகவணக்கம் செய்கிறோம். அதே ஒரு நிமிடத்தில், அந்த மண்ணுக்குரிய முதல் மக்களையும் அதிலிருந்து எழுப்பப்பட்டவர்களையும் ஒரு வசனத்தில் சேர்த்துச் சொல்லுங்கள். கூடுதல் நேரம் போகாது.

சாப்பாட்டுக்கு முன் எனக்கு இருபது நிமிடம் வேண்டும். பாலத்தடியில் தொடங்கி, மனிட்டூ வீதி வழியாக ஏரிக்கரை மட்டும் நடந்து, லைலாக் புதரடியில் முடிப்பேன். வர விருப்பமில்லாதவர்கள் கச்சான் சாப்பிட்டுக்கொண்டு இருக்கட்டும். ஆனால் பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளை என்னோடு விடுங்கள்.

கடைசியாக ஒன்று. தீவை என்ன செய்வது என்று பொதுமக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டங்கள் அவ்வப்போது நடக்கின்றன. கோடையில் ஆயிரம் பேரைக் கூட்டும் நம் சங்கங்களிலிருந்து அங்கே ஓர் ஆள் போனதை நான் காணவில்லை. அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொரு சங்கமும் ஒருவரை அனுப்புங்கள். போகிறவர் கேட்கவேண்டியது: மனிட்டூ வீதியின் கடைகளும் வீடுகளும் எங்கெங்கே நின்றன என்று நிலத்திலேயே அடையாளம் வைக்கவேண்டும், பழைய வளவுகளில் மிஞ்சிய மரங்களையும் புதர்களையும் கணக்கெடுத்துக் காக்கவேண்டும், அந்தப் பலகைகளில் மிசிசாகா மக்களின் மொழி முதலில் வரவேண்டும், இந்த நகரத்தில் பேசும் மற்ற மொழிகளோடு தமிழும் இருக்கவேண்டும். நான் வருகிறேன். என்னுடைய ஆங்கிலம் இன்னும் அரைகுறைதான், ஆகவே துணைக்கு ஒரு தங்கச்சி வேண்டும்.

அடுத்த நிர்வாக சபைக் கூட்டத்துக்கு முன் பதில் தாருங்கள். இருபது நிமிடம் இல்லையென்றால் இந்த வருடம் கொத்துரொட்டிக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள்.

சமையல் குழுவில் நிற்கும்,
மயிலிட்டி அக்கா